ஒட்டக முழங்காலில் ஒரு புள்ளியும் இல்லை

கோக்-சாய்
ஏப்ரல் 12, 2006

அன்புத் தம்பி மெலிஸுக்கு அக்கா ஊல்கான் எழுதுவது.

நீயும் நாசிராவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே மந்தையும் உயிர்களும் சுகம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரி. நின்றால் கால் நடுங்குகிறது, ஆனாலும் பால் குடிக்கிறது.

தபால் ஆபீஸில் டெலிபோன் இருக்கிறதே, அதில் பேசக் கூடாதா என்று கேட்டாய். அங்கே நான் பேசி முடிக்கும் முன்பே ஊரே எனக்குப் பதில் சொல்லிவிடும். சந்தை வேன் ஓட்டும் சபரிடம் காகிதம் கொடுத்தால் நான்கு நாளில் பிஷ்கெக் வந்து சேரும். எட்டாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவள் எழுத்து. பொறுத்துப் படி.

உன் அத்தான் ஷார்ஷெனின் நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நீ வந்து போனாய். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே என் கை ஓயவில்லை, உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. ஒன்று கேட்க நினைத்தேன். பள்ளத்தாக்குப் பாதையை விட்டுவிட்டு ஏன் மேல் கணவாய் வழியாகச் சுற்றி வந்தாய்? அரை நாள் வீண். டயர் சரியில்லை என்றாய். நீ கிளம்பிய பிறகு என் கொழுந்தன் துய்ஷோன் சிரித்தான். "டயர் சரியில்லாதவன் கணவாய் ஏறுவானா அண்ணி? உன் தம்பி பட்டணத்துக்குப் போய் மூளையை அடகு வச்சுட்டான்" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை தவறாமல் எண்ணெய் காயவைத்து, மாவு உருட்டி ஏழு போர்சோக் பொரிக்கிறேன். அந்த வாசனை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் உருண்டையைப் போடும்போது அவர் பெயர் சொல்கிறேன், அடுத்தது அப்பா, அடுத்தது அம்மா. அவருடைய தொப்பியை ஆணியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. மகள் மீரிம் அதைப் பார்க்காமல் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போகிறாள். பத்தாம் வகுப்பு கீழூரில்தான் என்பதால் தினமும் வேனில் போய் வருகிறாள். பள்ளத்தாக்குப் பாதைதான்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள். ஏதோ படம் வரைகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியாக எழுது.

வீட்டு வாசலில் எப்போதும் நல்ல காலடி படட்டும்.
ஊல்கான்


பிஷ்கெக்
மே 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மெலிஸின் வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குப் பல் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது.

அத்தானின் இதயம் அப்படித் திடீரென்று நிற்கும் என்று யார் நினைத்தார்கள்? ஐம்பது வயதுகூட ஆகவில்லை. உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

என் வேலையைச் சொல்கிறேன். நாட்டில் சாலை விபத்தில் ஒருவர் செத்தால், எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர், என்ன வண்டி, என்ன நேரம் என்று காகிதம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். நான் அதை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைப்பேன். ஒரே கிலோமீட்டரில் ஐந்து வருடத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால் அதைக் கறுப்பு இடம் என்போம். அங்கே இரும்புத் தடுப்பு கட்டுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், கனரக லாரிகளை விடமாட்டார்கள். போன வருடம் இரண்டு கறுப்பு இடங்களைச் சரி செய்தோம். இந்த வருடம் அங்கே ஒரு சாவும் இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது, அக்கா. அதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

நம் பள்ளத்தாக்குப் பாதை வெள்ளையாக இருக்கிறது. ஒரு புள்ளியும் இல்லை. மேலதிகாரி அதைக் காட்டி, "உங்க ஊர்க்காரங்க வண்டி ஓட்டறாங்களா, இல்ல தள்ளிக்கிட்டுப் போறாங்களா?" என்று கேலி செய்தார்.

ஒரு செய்தி. பெரிய சாலையில் பாலம் பழுது பார்க்கப் போகிறார்கள். வரும் குளிர்காலம் முழுவதும் நிலக்கரி லாரிகளை ஏதாவது பாதுகாப்பான பாதை வழியாக விடவேண்டும். நம் பாதையை யோசிக்கிறார்கள். அப்படி வந்தால் தாரும் போடுவார்கள். ஊருக்கு நல்லது.

மீரிமைப் படிக்கச் சொல்லுங்கள்.
மெலிஸ்


மேய்ச்சல் மேட்டிலிருந்து
ஜூன் 9

தம்பி மெலிஸுக்கு,

சுகமா? நாங்கள் ஆடுகளோடு மேலே வந்துவிட்டோம். புல் நன்றாக இருக்கிறது. சின்னவனுக்குப் பல் முளைத்ததா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்பத்தோராம் கிலோமீட்டர் என்று அங்கே எழுதுவீர்கள் போல, நமக்கு அது ஒட்டக முழங்கால் வளைவு. அதிலுமா ஒரு புள்ளி இல்லை?

கலீமாவிடம் சொன்னேன். பக்கத்துக் கூடாரம்தான் அவளுக்கு. பால் கறந்துகொண்டிருந்தவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணுமே இல்லியா? என் தலான்த் எங்க போனானாம்?"

"காயிதத்துல என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"குதிரையிலேர்ந்து விழுந்தான்னு. வண்டியில அவன் சிநேகிதனும் இருந்தான்ல. அவன்தான் ஓட்டினான். அவனையும் ஜெயிலுக்கு அனுப்பி அவங்கம்மாவையும் அழ வைக்கணுமா? பிணத்தை மாவட்டத்துக்கு எடுத்துட்டுப் போய் கழுத்துலேர்ந்து தொப்புள் வரைக்கும் கிழிப்பாங்க. அதுக்கா நான் பெத்தேன்?"

பிறகு நாங்கள் இரண்டு பேரும் எண்ணினோம். எங்களுக்குத் தேதி தெரியாது. ஒப்பாரிப் பாட்டு தெரியும். கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாங்கள் பாடும் பாட்டில் பொய் சொல்லக் கூடாது, அது உனக்கும் தெரியும். செத்தவன் காதில் விழும். தலான்த்துக்குக் கலீமா பாடினது எனக்கு மனப்பாடம்.

"முழங்கால் மடங்கும் இடத்தில் என் மகன் மடங்கினானே,
நீல வண்டி ஆமை போல மல்லாந்ததே,
பார்லி அறுப்புக்கு முன்னால் இவன் அறுந்தானே."

பார்லி அறுப்புக்கு முன்னால் என்றால் ஆகஸ்ட். போன வருடத்துக்கு முந்தின வருடம். வண்டி, இடம், மாதம் எல்லாம் அதில் இருக்கிறது. இப்படியே ஒவ்வொருவருக்கும் பாடினதை நினைத்துப் பார்த்துக் கலீமா ஆறு விரல் மடக்கினாள். ஐந்து வருடத்துக்குள் ஆறு. அதற்கு மேல் இன்னும் இரண்டு விரலைத் தொட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்காமல் விட்டாள்.

அந்த ஆறு பேர் பெயரையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் படத்தில் புள்ளி வை. லாரி வேண்டாம். மீரிம் வேன் அதே வளைவில்தான் திரும்புகிறது.

குதிரைப்பால் குமிஸ் புளித்துவிட்டது, நீ இருந்தால் குடித்திருப்பாய்.
அக்கா


பிஷ்கெக்
ஜூன் 30

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். பல் முளைத்துவிட்டது, கோணலாக.

பெயர்களைப் பதிவேட்டில் தேடினேன். நான்கு பேருக்கு இதயம். ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தது. ஒருவர் வீட்டு ஏணி. ஒரு காகிதத்திலும் சாலை என்ற சொல்லே இல்லை. ஒப்பாரியை ஆவணமாக எடுத்துக்கொள்ள எங்கள் விதியில் இடம் இல்லை. மேலதிகாரியிடம் போய், "கலீமா பாடினாங்க" என்று நான் சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

காகிதம் இருந்தால்தான் புள்ளி. மூன்று காகிதம் இருந்தால்தான் கறுப்பு இடம். லாரிப் பாதையை அக்டோபர் 15ஆம் தேதி முடிவு செய்கிறார்கள்.

எதற்காக மக்கள் இப்படிப் பொய் எழுதுகிறார்களோ. நீங்கள் இதில் இறங்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்கள் நீங்கள். லாரி ஓட்டுபவர்கள் பழகிய ஆட்கள், மெதுவாகத்தான் போவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மெலிஸ்


மேய்ச்சல் மேட்டிலிருந்து
ஜூலை 22

மெலிஸுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இடி விழுந்து ஒரு குதிரை செத்தது. மற்றது சுகம்.

எதற்காகப் பொய் எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். நீயா கேட்கிறாய்? சரி, தெரியாதவனுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்.

ஷார்ஷென் வீட்டில் சாகவில்லை. இதயமும் நிற்கவில்லை. பிப்ரவரி இருபது, பனி இறுகிக் கண்ணாடி போல இருந்தது. கீழூரில் தீவன மூட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்தார். முழங்காலில் வண்டி வழுக்கிக் கீழே ஆற்றுக் கல் மேல் விழுந்தது. பின்னால் வந்த துய்ஷோன்தான் பார்த்தான். வைக்கோல் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தான். அவர் ஒரு காலில் பூட்ஸ் இல்லை.

ஊர் வைத்தியர் வந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதட்டும், ஊல்கான்?"

"வழக்கமா என்ன எழுதுவீங்க?"

"இதயம்."

"அதையே எழுதுங்க."

கை நடுங்காமல் எழுதினார். அத்தனை பழக்கம். மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் மூன்று நாள் இரும்பு மேசையில் கிடப்பார், யாரோ ஒருவன் அறுப்பான், சாக்குத் தைப்பது போலத் தைத்துக் கொடுப்பான். அவரை முழுதாக மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு நினைப்பு இல்லை. கூடாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழங்காலைச் சொல்லித்தான் பாடினேன். நீ அடுத்த நாள்தான் வந்தாய், கேட்டிருக்க மாட்டாய்.

உன்னிடம் மறைத்தேன். நீ அந்தப் பாதையில் வரமாட்டாய் என்பதால் உன்னிடம் அந்த வளைவின் பேச்சை எடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

இப்போது கேட்கிறேன். எழுதின காகிதத்தைத் திருத்த என்ன வழி? அதை மட்டும் எழுது.

ஊல்கான்


பிஷ்கெக்
ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள். உடம்பு சரியில்லை என்று எழுதலாம், அது உண்மையில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். பல முறை.

அத்தான் உயிர் அங்கேதான் போனது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வழி இரண்டு இருக்கிறது. வண்டி ஓட்டியவர் உயிரோடு இருந்தால், அவரே விசாரணை அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மேல் வழக்கு வரும். ஓட்டியவரே இறந்திருந்தால் கல்லறையைத் திறந்து மாவட்ட மருத்துவர் எலும்பைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

அதனால் சொல்கிறேன், வேண்டாம். அத்தானைத் தூங்க விடுங்கள். எதை அவருக்குச் செய்யக் கூடாது என்று பொய் சொன்னீர்களோ, அதை நீங்களே செய்யச் சொல்லப்போகிறீர்களா? அப்படியே செய்தாலும் அது ஒரு புள்ளிதான். மூன்று வேண்டும்.

மீரிமை இங்கே அனுப்பிவிடுங்கள். எங்களோடு தங்கிப் படிக்கட்டும். நாசிராவும் சம்மதித்துவிட்டாள்.

மெலிஸ்


கோக்-சாய்
செப்டம்பர் 11

தம்பி மெலிஸுக்கு,

நலமா? மேட்டிலிருந்து இறங்கிவிட்டோம். உருளைக்கிழங்கு தோண்டுகிறோம். சின்னது, ஆனால் சொத்தை இல்லை.

மீரிமை அனுப்பச் சொன்னாய். நாசிரா மனசு நல்லது. ஆனால் அந்த வேனில் பதினான்கு பிள்ளைகள் போகிறார்கள். பதினான்கு பேரையும் நாசிரா படுக்க வைப்பாளா?

கலீமா தலான்த்தின் சிநேகிதன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவன் ஆட்டுக்கொட்டகையில் இருந்தான். கலீமா கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரெண்டு வருசமா என் வீட்டு வாசலைத் தாண்டறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போற. உனக்குக் கழுத்து வலிக்கலியாடா?" என்று கேட்டாள். அவன் அழுதுவிட்டான். அடுத்த நாளே மாவட்டத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தான். தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. கலீமா அவனுக்காகச் சாட்சி சொல்லப் போகிறாள். ஒரு புள்ளி.

இரண்டாவதற்கு நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்த மாதம் பதினெட்டாம் தேதி ஷார்ஷெனின் கல்லறையைத் திறக்கிறார்கள். துய்ஷோன் வாசலில் நின்று கத்தினான்.

"எங்கண்ணன் எலும்பை எண்ணிப் பாக்கவா போற? நாய்கூடப் பொதைச்சதைத் தோண்டாது, அண்ணி!"

"நாய் தோண்டும் துய்ஷோன். பசிச்சா தோண்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து என் வீட்டில் அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிறார்கள்.

மூன்றாவதற்கு வீடு வீடாகப் போனேன். யாரும் தரவில்லை. குறை சொல்ல முடியாது. நான் பிப்ரவரியில் எப்படி இருந்தேனோ அப்படித்தான் இருக்கிறார்கள்.

நேற்று உருளைக்கிழங்கைச் சாக்கில் கட்டும்போது கலீமா சொன்னாள்.

"ஊல்கான், கேட்டா கோவிச்சுக்காதே. உங்கப்பாவுக்கு நீ பாடினப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவர் குதிரை வந்துது, தாடி வந்துது, அவர் சிரிப்பு வந்துது. பாதையே வரல. நாங்க எல்லாரும் கவனிச்சோம்."

"அப்பாவுக்கு இதயம்" என்றேன்.

"ஆமா. நம்ம ஊர்ல முதல் இதயம் அவருக்குத்தான். அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் அந்த வியாதி வந்துது."

நான் சாக்கின் வாயைக் கட்டி முடித்தேன்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, மெலிஸ். நடந்ததை எழுதினேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு முத்தம்.
அக்கா


கோக்-சாய்
அக்டோபர் 2

மெலிஸுக்கு,

உன் கடிதம் வரவில்லை. சபர் வேனை மூன்று முறை மறித்துக் கேட்டேன். "காயிதம் இருந்தா நான் தின்னுடுவேனா அக்கா?" என்கிறான். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை திறந்தார்கள். பெண்கள் கல்லறைக்குப் போகக் கூடாது என்பதால் நான் மேட்டுக்கு அடியில், முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டி சத்தம் கேட்டது. துய்ஷோன் வரமாட்டேன் என்றவன் வந்துவிட்டான். வேற்றாள் யாரும் தன் அண்ணனைத் தொடக் கூடாது என்று அவனே குழிக்குள் இறங்கினான். மருத்துவர் இளவயதுக்காரர். சுற்றி வெள்ளைக் கம்பளம் பிடிக்கச் சொன்னார், யாரும் பார்க்காமல் இருக்க. முடித்து இறங்கி வந்து, என் முன்னால் தொப்பியை எடுத்தார்.

"கழுத்து எலும்பு ஒடிஞ்சிருக்கும்மா. உடனே போயிருப்பார். வலி தெரிஞ்சிருக்காது."

ஏழு மாதமாக அந்த ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன், கேட்க ஆள் இல்லாமல் இருந்தேன். பிப்ரவரியில் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு புள்ளி.

நான்கு நாள் முன்பு நிலக்கரி லாரி இரண்டு வந்தது. சோதனை ஓட்டமாம். முழங்காலில் திரும்ப அதற்கு இடம் போதவில்லை. பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பின் சக்கரம் விளிம்பில் கல்லை உதிர்த்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட வேன் எதிரே நின்றுவிட்டது. வேன்காரர் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பார், பிள்ளைகள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வரை எண்ணுவார்களாம். பன்னிரண்டில் வளைவு முடிந்துவிடும். மீரிம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு ஏழுல நிறுத்திட்டோம்மா. யாருக்கும் எட்டு சொல்ல வரல." யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, எப்போதும் அப்படித்தான் என்கிறாள்.

உன் படம் வெள்ளையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது.

பதினைந்தாம் தேதிக்குப் பதின்மூன்று நாள்.

ஊல்கான்


பிஷ்கெக்
அக்டோபர் 13

அக்கா,

எல்லோரும் நலமா என்று கேட்கும் தைரியம் இன்றைக்கு இல்லை.

இன்று காலை மூன்றாவது புள்ளியை வைத்தேன். பெயர், கெங்கேஷ், வயது அறுபத்து நான்கு. நாள், நவம்பர் 9, 2002. நாற்பத்தோராம் கிலோமீட்டர். ஓட்டியவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நேற்றே விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியும், ஆனால் நான் வாயால் சொன்னதே இல்லை. அப்பா, "முழங்கால் வருது, மெதுவாப் போடா" என்றார். "இந்தப் பாதை எனக்குத் தெரியாதா அப்பா" என்றேன். அவரைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. நான் அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அம்மா என்னைப் பார்த்தாள், நீங்கள் வைத்தியரைப் பார்த்தீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் இதயம் என்ற அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். அதன் பிறகு இந்த வேலைக்கு வந்தேன். நாடு முழுவதும் புள்ளி வைத்தேன். தினமும் காலையில் நம் பள்ளத்தாக்கைப் பார்ப்பேன். வெள்ளையாக இருக்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அப்பாவுக்கு அன்றே புள்ளி விழுந்திருந்தால் மற்றவர்களும் மறைத்திருக்க மாட்டார்கள். அப்பா, தலான்த், நடுவில் ஒருவர் என்று மூன்று ஆகியிருக்கும். அத்தான் போவதற்கு முன்பே தடுப்பு வந்திருக்கும். இந்தக் கணக்கை ஆகஸ்டிலேயே போட்டுவிட்டேன். அதனால்தான் எழுத முடியவில்லை.

மேலதிகாரி காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு லாரி உத்தரவை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். ஆனால் நிறுத்தும் உத்தரவு கீழே போய்ச் சேர்ந்து நவம்பர் முதல் தேதியில்தான் அமலுக்கு வரும். அதுவரை சோதனை ஓட்ட லாரிகள் போகும். வேன்காரரிடம் சொல்லுங்கள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, விசாரணை அதிகாரியோடு வருகிறேன். நடந்த இடத்தைக் காட்ட வேண்டும். மேல் கணவாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளத்தாக்குப் பாதையிலேயே வருகிறோம். இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம்.

அப்பாவுக்குப் பாதையைச் சேர்த்துப் பாடுங்கள், அக்கா. நான் கேட்க வேண்டும்.

உங்கள் தம்பி மெலிஸ்


கோக்-சாய்
அக்டோபர் 19, வியாழக்கிழமை

என் தம்பி மெலிஸுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ வந்ததும் கையில் கொடுப்பேன். நேரில் என்னால் இதையெல்லாம் பேச முடியாது, உனக்கும் தெரியும்.

உன் கடிதத்தைக் கலீமாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலையில் ஒரு பானை வெண்ணெயோடு வந்தாள். "உன் தம்பிக்கு. பட்டணத்துல மெலிஞ்சிருப்பான்" என்றாள். துய்ஷோன் வந்து வாசல் பனியைத் தள்ளினான். உள்ளே வரவில்லை, ஆனால் தேநீரை வாங்கிக் குடித்தான்.

காலையிலிருந்து பனி பெய்கிறது. முதல் பனி. அப்பாவின் பாட்டை அடுப்படியில் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். பாதை வரும் இடத்தில் உன் பெயரும் வருகிறது. அதை எப்படிச் சொல்வதென்று நாலு வருடம் தெரியவில்லை, இன்றைக்குத் தானாக வந்தது. "கடைசியாக அவர் கண்ட முகம் தன் மகன் முகமே" என்று வந்தது. நீ அவரைத் திரும்பிப் பார்த்தாயே, அதனால்.

மணி இரண்டு ஆகிவிட்டது. நீ வரவில்லை. பனியில் மெதுவாகத்தான் வருவீர்கள்.

மூன்று. லாரி சத்தம் கேட்டது, பிறகு நின்றது. இங்கிருந்து கேட்பது சரியாக இருக்காது.

நாலரைக்கு மீரிம் வந்தாள். வேனைக் கீழேயே மறித்துவிட்டார்களாம். பிள்ளைகளை இறக்கி மலைப்பக்கமாக ஓரமாய் நடக்க வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். முழங்காலில் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது, ஆட்கள் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

"கீழே என்ன வண்டி?"

"தெரியலம்மா. திரும்பிப் பாக்காதேன்னுட்டாங்க."

அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

துய்ஷோன் வைக்கோல் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"வண்டி வேணாம். வெறுங்கையோட போ."

"அண்ணி, யாராயிருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வரணும்ல?"

"மூச்சு இருந்தா ஆஸ்பத்திரிக்கு. இல்லேன்னா அங்கயே இருக்கட்டும். எழுத ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லு. நானும் வர்றேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். குதிரையை அவிழ்த்துவிட்டான்.

இன்று வியாழக்கிழமை. எண்ணெய் காய்ந்து புகை வந்துவிட்டது. ஷார்ஷென் பெயரைச் சொல்லி ஒன்று போட்டேன், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நான்காவது உருண்டை கையில் இருக்கிறது, மெலிஸ். யார் பெயரும் சொல்லாமல் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். மீரிமிடம் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, ஷார்ஷெனின் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். துய்ஷோன் வாசலில் நிற்கிறான்.

இந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அக்கா